எலேன் பேசிய இடங்கள்

அரங்கண்ணலுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புதுச்சேரி முதலியார்பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். நல்ல வேலைக்காரர், வாக்குத் தவறாதவர். அவரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. அது ஊருக்குத் தெரியாது. மனைவி செந்தாமரைக்கு மட்டும் தெரியும். அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்குச் சந்தேகம்.

பால்காரரிடம் அவள் சிரித்துப் பேசினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவன் யார் என்று கேட்பார். அவள் சட்டென்று பதில் சொன்னால், இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சொல்கிறாள் என்று தோன்றும். யோசித்துச் சொன்னால், யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். பிள்ளை இல்லாத வீடு. அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த இடத்தில் தான் இல்லையே என்று அவருக்கு நெஞ்சை அடைக்கும். அதை அவளிடம் சொல்லத் தெரியாது. "அங்க என்ன பார்வை?" என்றுதான் வாயில் வரும்.

இப்படி இருக்கும்போது, செந்தாமரை ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தியால்பேட்டைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே மணிமொழி என்று ஓர் ஆசிரியை இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பவர். அரங்கண்ணலைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் வீட்டு மாடியில் வாரம்தோறும் வாசிப்பு நடக்கும். ரஷ்யா, பிரான்ஸ், வங்காளம் என்று எல்லா நாட்டுப் பழைய பெரிய நாவல்களும் தமிழில் வந்ததை வைத்துக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் படிப்பவர் தேவநாதன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிதானமான, கனத்த குரல்.

"நீங்களும் வாங்களேன்" என்று செந்தாமரை கூப்பிட்டாள். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அவர்.

அங்கே கேட்ட கதையை அவள் வீட்டுக்கு வந்து சொல்வாள். ஒருநாள், "தேவநாதன் சார் படிக்கிறப்ப அப்படியே கண்ணுல பாக்குற மாதிரி..." என்று தொடங்கினாள். அந்தப் பெயருக்கு அப்பால் அரங்கண்ணலுக்கு எதுவும் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாடியில் வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அவர் கீழே தெருவில் நின்று கத்தினார்.

"செந்தாமரை! இறங்கி வா. எவன் குரலைக் கேக்க இங்க வர்ற?"

மாடியிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள். செந்தாமரை இறங்கி வந்தாள். மறுநாள் காலை இட்லி அவித்து, மூடி வைத்துவிட்டு, கோலியனூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். வரவில்லை. மழைக்காலம் வந்தது, போனது. வீட்டுக்கு வீடு போன் வராத காலம் அது. போய்க் கூப்பிடலாம் என்று நினைப்பார். போனால், தப்பு தன்மேல் என்று ஆகிவிடுமே என்று நின்றுவிடுவார். அவள் வளர்த்த கனகாம்பரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றி ஊற்றி அது அழுகிப்போனது. பக்கத்து வீட்டில் யாராவது வெங்காயம் வதக்கினால் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். அந்த வாசனையை அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டை போடுவது என்று முடிவு செய்துகொண்டு, மணிமொழி வீட்டு மாடிப்படி ஏறினார்.

"என் சம்சாரத்துக்கும் அந்த ஆளுக்கும் என்ன? எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

தேவநாதன் படிப்பதை நிறுத்தினார். மணிமொழி எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. இந்த அத்தியாயம் முடிஞ்சிடும்."

இவ்வளவு சாதாரணமாகச் சொன்னால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? உட்கார்ந்தார்.

அது ஒரு பிரெஞ்சு நாவல். பெயர் நமக்கு வேண்டாம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு திராட்சை ரச வியாபாரி. அவன் மனைவி எலேன். அவள் வாரம் ஒருமுறை ஓடத்தில் ஏறி அக்கரைக்குப் போவாள். அவளுக்கும் ஓடக்காரனுக்கும் தொடர்பு என்று வியாபாரிக்குச் சந்தேகம். கதை முழுவதையும் அவனே சொல்கிறான். அவள் உடுத்திய உடை, திரும்பி வந்த நேரம், செருப்பில் ஒட்டிய சேறு என்று எல்லாவற்றையும் கிளறிக் கிளறிப் பார்க்கிறான்.

அரங்கண்ணல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். யாரோ தன் நெஞ்சுக்குள் புகுந்து திருடிக்கொண்டு போய் எழுதிய மாதிரி இருந்தது. படிப்பது தேவநாதன் என்பதே சற்று நேரத்தில் மறந்துபோனது.

வாசிப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"கேளுங்கண்ணே" என்றார் மணிமொழி.

அவர் கேட்க வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"அந்தம்மா ஓடக்காரனோட பழகிச்சா, இல்லையா?"

"நாவல்ல சொல்லலை."

"இம்மாம் பெரிய புஸ்தகத்துல சொல்லலையா?"

"இல்லண்ணே. கடைசியில எலேன் காய்ச்சல்ல செத்துப்போறா. அவனுக்குத் தெரியாமயே போயிடுது."

"புஸ்தகத்தைக் குடுங்க. நான் கண்டுபிடிக்கிறேன்."

மணிமொழி கொடுத்தார்.

பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அவர் படித்தார். பள்ளிக்கூடத்தை விட்டபின் நாளிதழ் தவிர எதையும் படிக்காத மனிதர். ஒரு வாரம் கழித்து வந்து, "பழகலை. அவ நல்லவ" என்றார். அதற்கடுத்த வாரம், "பழகியிருக்கா. செருப்புச் சேறு ஒண்ணு போதாதா?" என்றார். மூன்றாம் முறை படித்துவிட்டு, "இது எழுதினவனுக்கே தெரியாது" என்று கோபப்பட்டார்.

"வேற ஏதாவது குடுங்க."

மணிமொழி வேறு கொடுத்தார். ஒன்றில் ஒரு பிரபு தன் தம்பியையே சந்தேகப்பட்டான். இன்னொன்றில் ஒரு வங்காளத்து மருமகள், கணவன் தன் சமையலைவிட ஓரகத்தியின் சமையலை மெச்சினான் என்று நாலு தலைமுறை வீட்டை இரண்டாக உடைத்தாள். ஒரு கதையில் ஒரு கிழவன் மனைவி வளர்த்த கிளியைப் பார்த்தே பொறாமைப்பட்டான். அதைப் படித்தபோது அரங்கண்ணலுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, செந்தாமரை மடியில் வைத்துக் கொஞ்சிய பூனைக்குட்டியைத் தான் சந்தைத்தோப்பில் கொண்டுபோய் விட்டது நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

வாரம் தவறாமல் வந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து பாய் விரித்தார். தேவநாதனைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அவர் தன்னிடம் ஏதோ கேட்க நினைக்கிறார் என்று தேவநாதனும் ஒன்றிரண்டு முறை காத்துப் பார்த்தார். அரங்கண்ணல் கேட்கவில்லை. அவருக்கு இப்போது எல்லாக் கேள்வியும் மணிமொழியிடம்தான். 'எங்க டீச்சர்' என்று பட்டறையில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு கேட்டார்.

"டீச்சர், இத்தனை நாவல் படிச்சாச்சு. இந்த நோய் புடிச்சவன் ஒருத்தனாவது பிழைச்சிருக்கானா?"

மணிமொழி யோசித்தார். எழுந்துபோய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். வரும்போது அலமாரியிலிருந்து அந்தப் பிரெஞ்சு நாவலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுல எலேன் பேசுற இடத்தை மட்டும் படிங்க. மத்ததை விட்டுடுங்க. எனக்குக் கேக்குற மாதிரி படிங்க."

"எதுக்கு டீச்சர்?"

"படிங்கண்ணே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். பக்கங்களைப் புரட்டினார். பல பக்கம் வரை எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம் ஓரிடத்தில் நின்றார்.

"'மழை விட்டுவிட்டது. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாமா?'"

மறுபடி புரட்டினார்.

"'உங்கள் கை சுடுகிறதே. காய்ச்சலா?'"

இன்னும் புரட்டினார். ஓர் அத்தியாயம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

"'நாளைக்கு அக்கரையில் சந்தை. நீங்களும் வருகிறீர்களா?'"

அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. அவர் போட்டதுதான். சந்தை என்று சாக்குச் சொல்லி ஓடம் ஏறுகிறாள் என்பதற்கு அத்தாட்சியாகப் போட்ட கோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே படித்தார்.

"'என்ன யோசிக்கிறீர்கள்?'"

"ம்" என்றார் மணிமொழி.

"'இந்தப் பழத்தைப் பாதி சாப்பிடுங்கள். இனிப்பாக இருக்கிறது.' ... 'விளக்கை அணைக்கட்டுமா?' ... 'என்ன யோசிக்கிறீர்கள்?'"

இன்னும் சில பக்கம் தள்ளினார்.

"'உங்களைப் பார்த்து எத்தனை நாளாகிறது தெரியுமா?' இது அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப. இவன் எதிர்லதான் உக்காந்திருக்கான்."

அதற்குமேல் பக்கங்கள் இருந்தன. அவள் இல்லை. அவர் புத்தகத்தை மூடினார். அடுப்பில் அப்போதுதான் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"இவ்வளவுதானா, டீச்சர்?"

"இவ்வளவுதான்."

"அப்ப மீதிப் பக்கமெல்லாம்?"

"மீதி அவன் பேசினது."

மணிமொழி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அரங்கண்ணல் அதைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிப்புக்கு வரவில்லை. காலையிலேயே விழுப்புரம் பஸ் ஏறிக் கோலியனூரில் இறங்கினார்.

தங்கை வீட்டில் செந்தாமரை முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. அவரைப் பார்த்ததும் கை நின்றது. மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். தங்கை அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கழனியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அரங்கண்ணல் செந்தாமரைக்கு எதிரே கீழே உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை.

"நீ பேசு. நான் கேக்குறேன்" என்றார்.

"என்ன பேசணும்?"

"என்ன வேணாலும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இது என்ன புதுப் பொறி என்று அவள் நினைப்பது அவருக்கே தெரிந்தது. அவரும் ஒரு கை கடலையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். முறத்தில் பாதி தீர்ந்தபிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"அந்தக் குரல் எனக்குப் புடிச்சிருந்துச்சு."

இந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் எத்தனையோ வருஷம் கதவிடுக்கிலும் அவள் முகத்திலும் தேடியிருந்தார். இப்போது அது கடலைத் தொலியோடு முன்னால் கிடந்தது. எடுக்கக் கை வரவில்லை.

"ஆசை அந்த ஆளு மேலயான்னு கேட்டா, இல்ல. அவர் வீட்டுல யார் இருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா ஒரு ஆம்பளைக் குரல், கோவப்படாம, குத்திக் கேக்காம, நான் உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சு ஒரு மணி நேரம் பேசுறதை நான் கேட்டதே இல்லைங்க. அதான் போனேன். ஆசையாத்தான் போனேன்."

அவர் தலை குனிந்திருந்தார்.

"எனக்கு அம்மை போட்டிருந்துச்சே, கல்யாணமான புதுசுல. உள்ள வரக்கூடாதுன்னு உங்க அம்மா சொல்லிட்டாங்க. நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டினீங்க. கூட்டுறவுச் சங்க எலக்சன் செய்தி. ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"எனக்கு இருக்கு. யார் ஜெயிச்சான்னுகூட இருக்கு. ஞாயித்துக்கெழமை கதை கேட்டுட்டு வந்து உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்? என்னிக்காவது ஒருநாள், குடு அந்தப் புஸ்தகத்தை, நான் படிக்கிறேன்னு சொல்லுவீங்கன்னுதான். நீங்க அந்தப் பேரை மட்டும் புடிச்சிக்கிட்டீங்க."

பிறகு அவள் நிறுத்தவில்லை. பூனைக்குட்டியைப் பற்றிச் சொன்னாள். தெருவில் எல்லார் முன்னாலும் படியிறங்கியபோது எதிர்வீட்டுக்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று சொன்னாள். அவர் பட்டறையிலிருந்து வரத் தாமதமான நாட்களில் தான் என்னென்ன பயந்தாள் என்று சொன்னாள். கோபமாகச் சொன்னாள், ஓரிடத்தில் அழுதாள், ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தாள். இந்தச் சிரிப்பு யாருக்காக என்று அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இவளை இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்பது மட்டும்தான் தோன்றியது.

தங்கை கழனியிலிருந்து திரும்பி, சோறு போட்டாள். வெயில் தாழ்ந்ததும் அவர் கிளம்பினார். செந்தாமரை பஸ் நிற்கும் கூட்டுரோடு வரைக்கும் கூட வந்தாள். வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிடும் யோக்கியதை தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

புதுச்சேரி பஸ் வந்து நின்றது. அவர் படியில் கால் வைத்ததும் அவள் கேட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதற்குக் கேட்டாள்? வரவேண்டும் என்றா, வரவேண்டாம் என்றா? வளவனூர் தாண்டும்போது, வரவேண்டும் என்றுதான் என்று தோன்றியது. அப்படியானால் "வாங்க" என்று சொல்லியிருக்கலாமே. கண்டமங்கலத்தில், வேண்டாம் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. வில்லியனூர் வருவதற்குள், அந்த 'வருவீங்களா'வில் அவள் குரல் ஏறியதா இறங்கியதா என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் நேராக முத்தியால்பேட்டைக்குப் போனார். அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். மணிமொழி மாடியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வந்தேன், டீச்சர்."

"உக்காருங்கண்ணே."

"அந்தக் குரல் புடிச்சிருந்துச்சுன்னு அவளே சொல்லிட்டா. நான் நெனச்சதுல பாதி சரி."

"ம்."

"ஆனா எனக்குக் கோவம் வரலை, டீச்சர். அவ பேசிக்கிட்டே இருந்தா. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளான்னு இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு."

மணிமொழி அடுத்த தாளை எடுக்கவில்லை.

"பஸ் ஏறும்போது ஒண்ணு கேட்டா. 'அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவீங்களா?'ன்னு. அதுக்குத்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன். அவ என்ன மனசுல வெச்சுக்கிட்டு அதைக் கேட்டா? நீங்க எத்தனையோ நாவல் படிச்சவங்க. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"பதிலா?"

அரங்கண்ணல் விழித்தார்.

"நான் அதைத்தான் டீச்சர் யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

மணிமொழி சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். எழுந்து படிக்கட்டு விளக்கைப் போட்டார்.

"கேட்டவங்க கோலியனூர்ல இருக்காங்க" என்றார். "இன்னும் பஸ் இருக்குண்ணே."